கடலூரில் ஓர் இலகு எஃகு மாடி: ஏசி அறைகளில் வியர்த்த சுவர்கள் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் உள்ள வீடு இது. தரைத்தளம் 1990-களில் எழுந்தது: ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே ஐந்து அங்குலக் காங்கிரீட் தளம், தூண் கிடையாது. ஓய்வுபெற்ற ஆசிரியரும் மனைவியும் கீழே இருக்கிறார்கள். மகன் குடும்பத்தோடு ஊருக்கே திரும்புவதாக முடிவானபோது மேலே 800 சதுர அடியில் இரண்டு படுக்கையறை, கூடம், சமையலறை, குளியலறை தேவைப்பட்டன.

ஒரு மூலையில் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். கெடிலம் ஆற்று வண்டல் கலந்த மண். அஸ்திவாரத்தின் அடி அகலம் ஒரு தளத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்துப் போட்டது. செங்கல் சுவரும் காங்கிரீட் கூரையுமாக மாடி எழுப்பினால் கூடும் எடை 80 டன்னைத் தாண்டும். அதே அறைகளை இலகு எஃகுச் சட்டகத்தில் கட்டினால், அடியில் போடும் காங்கிரீட் பட்டையையும் சேர்த்து 16 டன் அளவில் முடிந்துவிடும். கட்டட வேலையில் ‘எல்ஜிஎஸ்எஃப்’ என்று சொல்லப்படும் இந்த முறையைத் தேர்ந்தெடுக்க முதல் காரணம் எடைதான். மின்சாரச் சேமிப்பு அதற்கு அடுத்தது.

அந்த இரண்டாவது காரணத்திலும் நியாயம் இருந்தது. கடலூரில் கோடை இரவைக் கெடுப்பது பெரும்பாலும் மொட்டை மாடித் தளம். பகலெல்லாம் வாங்கிய சூட்டை அது நள்ளிரவு தாண்டியும் அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். எஃகுச் சட்டகச் சுவர் அப்படிச் சூட்டைத் தேக்குவதில்லை. பொழுது சாய்ந்தால் சீக்கிரம் ஆறிவிடும். ஆனால் தேக்காத சுவர் தடுத்தே ஆக வேண்டும். தடுப்பதில் ஓட்டை விழுந்தால், செங்கல் தரும் தாமதம்கூட இங்கே கிடைக்காது.

கட்டிய விதம்

2023-இல் வேலை நடந்தது. நன்றாகச் செய்யப்பட்ட பகுதிகள் பின்னால் திருத்தத்துக்கும் கைகொடுத்ததால் அவற்றை முதலில் சொல்ல வேண்டும்.

பழைய தளத்தின் மேல், வெளிச்சுவர்க் கோட்டில் 230 மி.மீ. அகலமும் 200 மி.மீ. உயரமும் உள்ள காங்கிரீட் பட்டை போட்டார்கள். அதன் கம்பிகள் பழைய தளத்தில் துளையிட்டு, கெமிக்கல் நிரப்பி நடப்பட்டவை. பட்டையின் மேல் ஈபிடிஎம் ரப்பர்ப் பட்டை விரித்து, அதன் மேல்தான் கீழ் டிராக், அதாவது சுவர்ச் சட்டகத்தின் அடியில் படுக்கையாக ஓடும் எஃகு உறுப்பு, உட்கார்ந்தது. மாடியில் தேங்கும் மழைநீர் சட்டகத்தைத் தொடாது. ஈரக் காங்கிரீட்டின் காரமும் டிராக்கின் பூச்சைத் தொடாது. அலுமினியம்-துத்தநாகப் பூச்சு உப்புக் காற்றைத் தாங்குமே தவிர, சிமென்ட் காரத்தைத் தாங்காது. பல இடங்களில் டிராக்கை நேராகக் காரையில் பதித்துவிட்டு, இரண்டே வருடத்தில் அடி உதிர்கிறது என்கிறார்கள்.

சட்டகம் 90 மி.மீ. ஆழமுள்ள ‘சி’ வடிவ ஸ்டட் (செங்குத்தாக நிற்கும் எஃகுக் கால்), 0.95 மி.மீ. கனம், சதுர மீட்டருக்கு 150 கிராம் அலுமினியம்-துத்தநாகப் பூச்சு, 600 மி.மீ. இடைவெளி.

காற்றுக் கணக்கு, கட்டடங்கள் தாங்க வேண்டிய காற்று விசைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதிப்படி போடப்பட்டது. இந்தக் கரைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. இந்த வேகத்தில் காற்றழுத்தம் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், ஏறக்குறைய 150 கிலோ எடை. கூரை முழுவதையும் மேலே இழுக்கும் விசை 15 டன் அளவுக்கு வரும். கூரையின் சொந்த எடையோ மூன்று டன்னுக்கும் குறைவு. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது இந்தப் பக்கத்தில் ஷீட் கூரைகள் பறந்ததை யாரும் மறக்கவில்லை. ஆகவே கூரையைத் தாங்கும் சட்டமான டிரஸ் ஒவ்வொன்றும் ஸ்டட்டோடு ஸ்ட்ராப்பால் (எஃகு வாரால்) பிணைக்கப்பட்டது. மூலைகளிலும் கதவு ஜன்னல் ஓரங்களிலும் 12 மி.மீ. ஆங்கர் போல்ட்டு, பிடிப்புத் தகட்டோடு, காங்கிரீட் பட்டைக்குள் இறங்கியது. எடை குறைந்த வீட்டுக்கு அஸ்திவாரத்தைவிடக் கூரைப் பிடிப்பே பெரிய கணக்கு.

சிக்கல் தொடங்கியது சுவரின் அடுக்குகளில். வெளியே 8 மி.மீ. சிமென்ட் போர்டு, நேராக ஸ்டட்டில் முடுக்கியது. ஸ்டட்டுகளுக்கு நடுவே, சூட்டைத் தடுக்க, ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) சுருள். அதன் உட்புறம் முழுவதும் பாலிதீன் விரிப்பு. அதற்கு மேல் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு, பட்டி, பெயின்ட். கூரைக்குச் செங்கல் சிவப்பு நிறத்தில் 0.5 மி.மீ. ஷீட், அதன் அடியில் ஃபாயில், அதை ஒட்டியே 50 மி.மீ. ராக்வூல், கீழே ஜிப்சம் சீலிங். வரைபடம் குளிர்நாட்டுக் கையேடு ஒன்றிலிருந்து எடுத்தது என்பதைப் பாலிதீன் இருந்த பக்கமே சொல்லிவிடுகிறது.

முதல் கோடையில் கண்டவை

2024 தை மாதம் குடிபுகுந்தார்கள். பங்குனி வரை ஒரு குறையும் இல்லை.

சித்திரை பிறந்ததும் மேற்கு படுக்கையறையில் மாலை நான்கு மணிக்கு மேல் இருப்புக்கொள்ளவில்லை. 1.5 டன் ஏசியை 20-இல் வைத்துத் தூங்கத் தொடங்கினார்கள். 2020 முதல் விற்பனையாகும் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் 24-இல் தொடங்கும்படி அமைக்கப்பட்டவை. அதிலிருந்து நான்கு டிகிரி இறக்க வேண்டியிருந்தது. 120 சதுர அடி அறைக்கு 1.5 டன் அதிகம். ‘தகர வீடு, தாங்காது’ என்று பயந்து வாங்கியது. அறை சட்டென்று குளிர்ந்து கம்ப்ரசர் அடங்கிவிடும். காற்றிலிருந்த ஈரம் வெளியேறாது. குளிர்ச்சி இருந்தும் கசகசப்பு போகவில்லை. மேலும் இறக்கி வைத்தார்கள்.

ஏப்ரல்-மே கணக்கெடுப்பில் மாடி இணைப்புக்கு 790 யூனிட் வந்தது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் வீட்டுக் கட்டணம் வேறு படிக்குப் போய்விடும் என்பதால் தொகை எதிர்பார்த்ததைவிட ரொம்பவே கூடியது.

அதே மே மாதத்தில் வேறொன்றும் தெரியவந்தது. இரண்டு படுக்கையறைகளிலும் சுவரின் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை பெயின்ட் கொப்பளித்தது. அதற்கு மேலே பழுப்புப் புள்ளிகள், ஒன்றன் கீழ் ஒன்றாக நேர்கோட்டில். இரண்டு அடிக்கு ஒரு வரிசை. ஜிப்சம் போர்டைப் பிடித்திருந்த ஸ்க்ரூத் தலைகள் பட்டிக்குள்ளிருந்தே துருப்பிடித்து எட்டிப்பார்த்தன. கிழக்கு அறையில் குழந்தைக்காக ஒட்டிய வினைல் வால்பேப்பரை ஓரத்தில் உரித்தால் பின்பக்கம் கரும்பூஞ்சை.

முதலில் கூரை ஒழுகுகிறது என்று நினைத்து, ஷீட்டின் ஸ்க்ரூத் தலை அத்தனைக்கும் சிலிக்கான் அடித்தார்கள். மாறவில்லை. அடுத்துக் குளியலறைக் குழாய் மேல் சந்தேகம் போனது. அடைத்து அழுத்தச் சோதனை வைத்ததில் ஒரு நாள் முழுக்க அழுத்தம் இறங்கவில்லை.

வழி காட்டியவை மூன்று கவனிப்புகள். மழையே இல்லாத மாதத்தில் ஈரம் வந்தது. ஏசி உள்ள இரண்டு அறைகளில் மட்டும் வந்தது. அதே சுவர் அடுக்கு, அதே கூரை உள்ள கூடத்தில் ஒரு சொட்டும் இல்லை. குடும்பம் இரண்டு வாரம் வெளியூர் போய் ஏசி ஓடாதிருந்தபோது கொப்பளம் காய்ந்து உதிர்ந்தது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கூரையும் குழாயும் குற்றவாளிப் பட்டியலிலிருந்து வெளியேறிவிடும். மேலும், வெயில் குறைவாகப் படும் கிழக்கு அறையில்தான் பூஞ்சை அதிகம். ஆக, சூடும் ஈரமும் தனித்தனிச் சிக்கல்கள், ஒன்றையொன்று வளர்த்தாலும்.

சுவரைத் திறந்தபோது

ஜூனில், மேற்கு அறையில் தரைக்கு 150 மி.மீ. மேலே ஓர் அடிச் சதுரம் ஜிப்சம் போர்டு வெட்டி எடுக்கப்பட்டது. முந்தைய இரவு ஏசி 20-இல் ஓடியிருந்தது. பாலிதீனின் அறைப்பக்கம் உலர்ந்திருந்தது. அதைக் கீறிப் பின்பக்கம் விரலை விட்டால் முழுக்க நீர்முத்துகள், தொட்டதும் ஓடி இறங்கின. கீழ் டிராக்கில் தண்ணீர் நின்றது. ராக்வூல் சுருள் நனைந்து கனத்து, ஸ்டட்டின் மேல்பாதியைக் காலியாக விட்டுச் சரிந்திருந்தது.

“சார், இது மேல இருந்து இறங்கின தண்ணி இல்ல. இங்கயே ஊறினது,” என்றார் போர்டு வெட்டிய பிட்டர். நோய் அறிக்கை அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது.

துருவின் இடங்களும் கவனிக்கத்தக்கவை. ஸ்டட்டின் பரப்பில் துரு இல்லை. டிராக்கின் அடியில் பூச்சு கரைந்த வெள்ளைப் பொடி. சட்டகத்தில் செந்துரு இருந்தது இரண்டே இடத்தில்: வேலை நடந்தபோது கிரைண்டர் வைத்து அறுத்த முனைகளிலும், ஏசியின் செம்புக் குழாய் ஸ்டட் துளையின் விளிம்பை நேராகத் தொட்ட இடத்திலும். கிரைண்டரின் சூட்டில் வெட்டு ஓரத்துப் பூச்சு எரிந்துவிடும். பறக்கும் பொறி பக்கத்துப் பரப்பில் ஒட்டி அங்கேயும் துருவுக்கு விதை போடும். செம்பும் துத்தநாகமும் ஈரத்தில் தொட்டால் துத்தநாகம் தின்னப்படும். ‘கடலோரத்தில் இரும்பு வீடா?’ என்று கேட்டவர்கள் வெளியே உப்புக் காற்றைப் பார்த்துத்தான் கேட்டார்கள். இந்த வீட்டில் அரிப்பு நடந்தது உள்ளே, வீடே உண்டாக்கிய நீரில்.

மேற்குச் சுவரில் மாலை ஐந்து மணிக்கு அகச்சிவப்பு வெப்பமானியை ஓட்டியதில், ஸ்டட் கோட்டில் உட்பரப்பு 36.5 டிகிரி, இரண்டு ஸ்டட்டுக்கு நடுவே 33. சுவரின் மேல்பாதியில், ராக்வூல் சரிந்த இடத்தில், எல்லாமே 37-ஐ ஒட்டி.

காரணங்கள்

முதலாவது, ஈரம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பது. குளிர்நாட்டில் வீட்டுக்குள் சூடும் ஈரமும், வெளியே குளிரும் வறட்சியும். ஈரம் உள்ளிருந்து வெளியே போகும். அதனால் தடுப்பு உட்பக்கம். கடலூரில் நேர் எதிர். வைகாசி மாலையில் வெளிக்காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், அந்தக் காற்று 27 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீர்விடும். ஏசி 20-இல் ஓடும் அறையில் பாலிதீனின் பின்பக்கம் 22, 23 டிகிரியில் இருக்கும். அங்கே வந்து சேரும் ஒவ்வொரு மூச்சுக் காற்றும் தன் ஈரத்தை அங்கேயே இறக்கிவிட்டுப் போகும். பாலிதீன் அதை அறைக்குள் விடாது. உள்ளே விட்டிருந்தாலாவது ஏசி உறிஞ்சி வெளியேற்றியிருக்கும். வினைல் வால்பேப்பரும் எனாமல் பெயின்ட்டும் இதே கேட்டைச் செய்பவை.

இரண்டாவது, வெளிக்காற்று உள்ளே வர வழி. சிமென்ட் போர்டு இணைப்புகளை இடைவெளியே விடாமல் முட்டவைத்துப் பட்டி பூசியிருந்தார்கள். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 0.012 மி.மீ. நீளும். பத்து மீட்டர் மேற்குச் சுவர் விடியலிலிருந்து மாலைக்குள் 30 டிகிரி சூடேறினால் 3.6 மி.மீ. நகரும். பட்டி விரிந்து, இணைப்புக்கு இணைப்பு மயிரிழைப் பிளவு. ஸ்விட்ச் பெட்டிகளும், வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்த ஏசிக் குழாய்த் துளைகளும் சேர்ந்துகொண்டன.

மூன்றாவது, ஸ்டட் வழியே ஓடும் சூடு. 90 மி.மீ. ராக்வூலின் வெப்பத்தடை 2.5 என்று விற்பனைத் தாளில் இருக்கும். ராக்வூலைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சூடு கடத்தும் எஃகு, இரண்டு அடிக்கு ஒன்றாக அதன் குறுக்கே நிற்கும்போது, கிடைப்பது அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், 1.4 அளவு. சுவர் முழுவதற்குமான வெப்பக் கடத்தல் மதிப்பு (குறைந்தால் நல்லது) காகிதத்தில் 0.36, உண்மையில் 0.6. உலர்ந்திருந்தால்தான் இதுவும். செங்கல் சுவரின் 2-ஐ ஒப்பிட்டால் இது இன்னும் நல்ல எண்தான். நனைந்து சரிந்த பிறகு அந்த மேன்மையும் போனது.

கூரையின் ஃபாயில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரெங்கும் இதே தவறு. பளபளக்கும் ஃபாயில் கதிர்வீச்சைத்தான் தடுக்கும். அதன் ஒரு முகமாவது காற்றிடைவெளியைப் பார்த்திருக்க வேண்டும். ஷீட்டுக்கும் ராக்வூலுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் ஃபாயில் வெறும் உலோகத் தாள், வேலை செய்யாது. மேல்நோக்கி வைத்தால் தூசி படிந்து சில மாதத்தில் மங்கிவிடும். முகம் கீழே பார்க்க, கீழே ஓர் அங்குலமாவது இடைவெளி விட வேண்டும்.

இவை ஒன்றையொன்று தூண்டின. நனைந்த ராக்வூல் சூட்டைக் கூடுதலாகக் கடத்தியது; அறை சுட்டது; ஏசியை இறக்கினார்கள்; பாலிதீன் மேலும் குளிர்ந்தது; மேலும் நனைந்தது.

எடுத்த முடிவுகள்

உள்ளே இன்னொரு அடுக்கு ஜிப்சம் போர்டு அடிப்பதே மலிவான யோசனையாக முன்வைக்கப்பட்டது. நீர் உண்டாகும் இடத்தைத் தொடாததால் கைவிடப்பட்டது. வெளிப்போர்டின் அடியில் நீர் வடியத் துளை போடலாம் என்றார் ஒருவர். அது ஈரக்காற்றுக்கு இன்னொரு வாசல். பாலிதீனை மட்டும் நீக்கினால் ஈரம் குறையும், ஆனால் ஸ்டட் வழிச் சூடு அப்படியே நிற்கும்; ஜிப்சம் போர்டு முழுவதும் பாழாகும், குடும்பமும் வெளியேற வேண்டும்.

ஆகவே வெளியிலிருந்தே பிரித்துச் சரிசெய்வது என்று முடிவானது. ஏசி அறைகளின் வெளிச்சுவர்களும், வெயில் வாங்கும் தெற்கு, மேற்குச் சுவர்களும் மட்டும். கூடத்தின் வடக்குச் சுவரைப் பணக்கணக்கு பார்த்துத் தள்ளிவைத்தார்கள்.

புது அடுக்கு இப்படி: ஸ்டட்டுகளின் வெளிமுகத்தின் மேல், இடைவெளியே இல்லாமல், 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ் பலகை (இறுகிய பிளாஸ்டிக் நுரை), அதன் மேல் செங்குத்தாகத் தொப்பி வடிவ ஜிஐ (துத்தநாகம் பூசிய எஃகு) பட்டைகள், 20 மி.மீ. காற்றிடைவெளிக்காக, கடைசியாகச் சிமென்ட் போர்டு, வெள்ளை பெயின்ட். அந்த 25 மி.மீ. மூன்று வேலை பார்க்கிறது. ஸ்டட்டின் வெளிமுகத்தை வெயிலிலிருந்து பிரிக்கிறது. இணைப்புகளில் டேப் ஒட்டினால் காற்றைத் தடுக்கிறது. ஈரத்தை எளிதில் விடாத பொருள் என்பதால், தடுப்பை இருக்க வேண்டிய வெளிப்பக்கத்துக்கே கொண்டுபோகிறது. சுவரின் உண்மையான மதிப்பு 0.6-இலிருந்து 0.41-க்கு வருகிறது. அதே கனத்தை ஸ்டட்டுகளுக்கு நடுவே திணித்திருந்தால் இதில் பாதிகூட வந்திருக்காது.

எக்ஸ்பிஎஸ் தீப்பிடிக்கும் பொருள். இதை யாரும் மறைக்கக் கூடாது. ஜன்னல் கதவு ஓரங்களிலும் கூரைக்குக் கீழும் காற்றிடைவெளியை ராக்வூல் துண்டு வைத்து அடைத்தார்கள். மூடும் போர்டு சிமென்ட் போர்டுதான். அடர்த்தியான ராக்வூல் பலகை தீயில் மேலானது. ஆனால் ஈரத்தை விடும், தனியாக ஒரு தடுப்புத் தாள் வேண்டும். காசும் வேலையாட்களின் பழக்கமும் எக்ஸ்பிஎஸ் பக்கம் சாய்த்தன.

கூரையில் சீலிங்குக்கு மேலே கனமாக ராக்வூல் விரித்து, ஷீட்டுக்குக் கீழே காற்றோட விடலாமா என்ற பேச்சு வந்தது. வறண்ட ஊருக்கு அது சரி. இங்கே அந்தக் காற்றே ஈரம். குளிர்ந்த சீலிங்கின் மேல் வந்து சுவர்க் கதையைத் திரும்பச் செய்யும். ஷீட்டைக் கழற்றிவிட்டு 50 மி.மீ. பேனல், வழக்கமான பஃப் நுரைக்குப் பதில் தீயைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் பிஐஆர் நுரை நிரப்பியது, வெளிர் நிறத்தில், போட முடிவானது. இரு முகமும் உலோகம் என்பதால் ஈரம் புக வழியில்லை. கடத்தல் மதிப்பு 0.43 அளவு, வீடுகளுக்கான மத்திய அரசின் எரிசக்தி நெறிமுறையான எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018 கூரைக்கு வைக்கும் உச்சவரம்பு 1.2.

அதே நெறிமுறையை வைத்து ஜன்னல்களையும் அளந்தார்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதியில், தரைப்பரப்பில் 16.66 சதவீதமாவது திறக்கும் ஜன்னலாக இருக்க வேண்டும். இங்கே ஜன்னல் பரப்பு போதுமானதுதான். ஆனால் எல்லாம் ஸ்லைடிங். பாதிதான் திறக்கும். கணக்கு பத்துக்குள் நின்றது. கிழக்கு, தென்கிழக்கு ஜன்னல்களைக் கீல் வைத்து முழுதாகத் திறப்பவையாக மாற்றினார்கள். பகலில் கடற்காற்று ஏறியதும் ஏசி தேவையில்லாமல் இருக்க அதுவே வழி. மேல்காற்று வலுத்துக் கடற்காற்றைத் தடுக்கும் அக்னி நட்சத்திர நாட்களில் மட்டும் அது உதவாது.

வேலை நடந்த முறை

பருவமழைக்கு முன், ஆகஸ்ட், செப்டம்பரில் முடித்தார்கள். வெளிப்போர்டைக் கழற்றும்போது கவனிக்க வேண்டியது ஒன்று: சட்டகம் பக்கவாட்டில் சாயாமல் பிடித்திருந்தது அந்தப் போர்டுதான். புது அமைப்பில் போர்டுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவே மெத்தென்ற பலகை வருவதால் அந்தப் பிடிப்பு திரும்பக் கிடைக்காது. எனவே ஒரு சமயத்தில் ஒரு சுவர் மட்டும். கழற்றியதும் 50 மி.மீ. அகலம், 1.2 மி.மீ. கனமுள்ள எஃகுப் பட்டையைக் குறுக்கும் மறுக்குமாக இழுத்து முடுக்கிய பிறகே மற்ற வேலை.

பாலிதீனை வெளியிலிருந்தே ஸ்டட்டுகளுக்கு நடுவில் அறுத்து எடுத்தார்கள்; ஸ்டட்டின் பின்னால் சிக்கிய கீற்று இருந்துவிட்டுப் போகட்டும். டிராக்கைத் துடைத்து, இரண்டு நாள் காயவிட்டு, வெள்ளைப் பொடியை நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாகச் செறிவுள்ள பெயின்ட் இரண்டு கை. ராக்வூல் சுருளுக்குப் பதில் கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் பலகை, ஸ்டட்டுக்கு நடுவே இறுக்கமாக உட்காரும்படி ஐந்து மி.மீ. அகலம் கூட்டி வெட்டியது. சுருள் சரியும், பலகை நிற்கும்.

தொப்பிப் பட்டையை எக்ஸ்பிஎஸ் வழியே ஸ்டட்டில் பிடிக்க 50 மி.மீ. செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ. முதல் நாள் இம்பாக்ட் டிரில்லை முழு வேகத்தில் ஓட்டியதில் மெல்லிய ஸ்டட்டில் மரை கிழிந்து ஸ்க்ரூ சும்மா சுற்றியது. கிளட்ச் உள்ள டிரைவருக்கு மாறினார்கள், கிழிந்த துளைக்குப் பக்கத்தில் புதிது போட்டார்கள். எஃகு வெட்டக் கிரைண்டரை விலக்கிவிட்டுக் கத்தரிதான். போர்டு இணைப்பில் 4 மி.மீ. இடைவெளி, பட்டிக்குப் பதில் பாலியூரிதேன் சீலன்ட். காற்றிடைவெளியின் அடியில் பூரானும் எறும்பும் ஏறாமல் ஃபைபர் வலை. செம்புக் குழாய்கள் ஸ்டட்டைக் கடக்கும் ஒவ்வொரு துளைக்கும் ரப்பர் வளையம்; ஏசித் துளைகளுக்கு வெள்ளை சிமென்ட் அல்ல, ஃபோம் நிரப்பி மேலே சீலன்ட். சட்டகத்தின் எர்த்திங் இணைப்புகளையும் இதே வாய்ப்பில் அளந்து சரிபார்த்தார்கள்.

கூரைப் பேனலை, அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின் ஒவ்வொன்றிலும் அகல வாஷர் வைத்துப் பிடித்தார்கள். கூரையின் ஓரத்து 1.2 மீட்டர் அகலத்தில், காற்றின் இழுவிசை அதிகம் என்பதால், நடுவே கூடுதல் பர்லின், இரட்டிப்பு ஸ்க்ரூ. உள்ளே வினைல் வால்பேப்பரை உரித்துச் சாதாரண எமல்ஷன் அடித்தார்கள்.

அதன்பின்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, இந்தப் பகுதி முழுக்கப் பெருமழை கொட்டியது. கூரையில் அசைவில்லை. மாடிக் கதவின் அடியில் மட்டும், வாசற்படி மட்டம் போதாமல், தண்ணீர் நுழைந்தது. பிறகு ஓர் அங்குலம் உயர்த்தினார்கள். வீட்டருகே காற்று வடிவமைப்பு வேகத்தை எட்டவில்லை. எனவே ஸ்ட்ராப்புகளுக்கு இதைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

2025 மே மாதம் அதே மேற்குச் சுவர், அதே மாலை நேரம்: ஸ்டட் கோட்டுக்கும் நடுவுக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிக்குள். கீழ் டிராக்கில் சோதனைக்காக விட்ட மூடித்துளை வழியே பார்த்தால் உலர்ந்திருந்தது. ஏப்ரல்-மே கணக்கில் 480 யூனிட். இந்தக் குறைவு முழுவதையும் சுவருக்கே எழுதிவைப்பது நியாயமல்ல. இப்போது ஏசி 26-இல், மின்விசிறியோடு ஓடுகிறது. அதன் பங்கு கணிசம். ஆனால் 26 போதும் என்று ஆனது சுவர் சுடாததாலும் கசகசப்பு போனதாலும்தான். பிரித்துப் பார்க்க, மேற்கு அறை ஏசிக்குத் தனி மீட்டர் வைத்து, திருத்தத்துக்கு முன்னும் பின்னும் 24-இலேயே ஓட்டிய இரவுகளை ஒப்பிட்டார்கள்: 6.5 யூனிட்டிலிருந்து 4.3.

தீராததும் உண்டு. கிழக்குக் கூடம் காலை எட்டரை மணிக்கே சூடேறத் தொடங்குகிறது. இலகு சுவருக்கு அது இயல்பு. மழைச் சத்தம் பேனலில் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

மாற்ற வேண்டியவை

திருத்தச் செலவு முதல் கட்டுமானச் செலவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. கழற்றும் கூலி, வீணான போர்டு, பூட்டும் கூலி எல்லாம் அதில் அடக்கம். இதே அடுக்கைத் தொடக்கத்தில் போட்டிருந்தால் கூடுதலாக ஆகியிருப்பது எக்ஸ்பிஎஸ், டேப், பட்டை, பேனல் வித்தியாசம் மட்டுமே.

இனி இப்படி ஒரு வீடு எடுப்பவர் ஒப்பந்தத்துக்கு முன் கேட்க வேண்டியது சுவரின் குறுக்குவெட்டுப் படம்; அதில் ஈரத்தடுப்பு எந்தப் பக்கம், வெளிக்காற்றைத் தடுக்கும் அடுக்கு எது என்று குறித்திருக்க வேண்டும். ராக்வூலின் கனத்தை மட்டும் சொல்லி ‘கரண்ட் பில் பாதி’ என்பவரிடம், ஸ்டட்டையும் சேர்த்துக் கணக்கிட்ட மதிப்பைக் கேட்கலாம். ஏசியைச் சுவர் முடிந்த பிறகு அளவெடுத்து வாங்கலாம். இந்த அறைகளுக்கு ஒரு டன் போதும்.

பராமரிப்பில் ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. மழை படும் பரப்பில் உப்பை மழையே கழுவிவிடும். கூரைச் சாய்ப்புக்கு அடியிலும் சன்ஷேட் கீழும் அது படிந்தபடியே இருக்கும். வருடத்துக்கு இரண்டு முறை, தை முடிந்ததும் ஆடி முடிந்ததும், அந்த இடங்களை நல்ல தண்ணீரில் குழாய் வைத்துக் கழுவுகிறார்கள்.

வடக்குச் சுவர் இன்னும் பழைய அடுக்கில், உட்பக்கப் பாலிதீனோடு நிற்கிறது. கூடத்தில் ஏசி இல்லாதவரை அது கெடாது. பேரக்குழந்தை படிக்க உட்காரும் இடம் என்பதால் கூடத்துக்கும் ஒரு ஏசி போடலாமா என்று 2025 கோடையிலேயே கேட்டார்கள். அந்தச் சுவரை வெளியிலிருந்து பிரித்து முடிக்கும்வரை வேண்டாம் என்று பொறியாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதுவரை கூடத்துக்கு இரண்டாவது மின்விசிறியும், கிழக்கு ஜன்னலுக்கு வெளிப்புற மூங்கில் தட்டியும் போட்டிருக்கிறார்கள்.